பாட்டின் உறுதி எவர் பெயரில்?

“நல்ல பாட்டு ஒன்று கிடைத்தால் கேட்டு மகிழ வேண்டும், அதன் குலம் கோத்திரம் விசாரித்தல் ஆகாது” என்று உபதேசம் செய்கின்ற ஒரு சாரார் நம்மிடையே இருக்கின்றனர். ஆசிரியர் ஓய்வறைகளிலும் இலக்கியக் கூட்டங்களின் இடைவேளைகளிலும் இவர்களைக் காணலாம். தேநீரைப் பருகிக்கொண்டே இதனைக் கூறுவர் என்பதுதான் வேடிக்கை. தேநீரையும் அவர்கள் அவ்வாறுதான் பருகுகின்றனர். கோப்பையில் இருப்பது எந்த மலையில், எவள் விரலால் கிள்ளப்பட்டது என்று கேட்டால் சுவை கெட்டுவிடுமாம்.

இவர்களுக்கு மறுமொழி கூறுதல் கடமையென்று கருதுகின்றோம். அதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் பாட்டு நமது மாணவர் யாவரும் மனப்பாடமாக அறிந்த ஒன்று: ‘என்ஜாய் எஞ்சாமி’. 2021 மார்ச் மாதத்தில் ‘மாஜா’ என்னும் இசை நிறுவனத்தின் வெளியீடாக அது வந்தது. பாட்டின் சொற்களை எழுதியவர் அறிவு. பாடியவர்கள் தீயும் அறிவும். இசையாக்கம் சந்தோஷ் நாராயணன். சில வாரங்களில் அது கோடிக்கணக்கானோர் செவிகளை எட்டியது. அதே ஆண்டில் பிரெஞ்சு இசைக்கலைஞர் டிஜே ஸ்நேக் அதனைத் தம் பாணியில் மறுஆக்கம் செய்தார். 2022 ஜூலை 28ஆம் திகதி சென்னையில் நடைபெற்ற சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும், நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் அதனை மேடையில் பாடினர். பாட்டை எழுதியவரும் முதற் பதிவில் பாடியவருமான அறிவு அந்த மேடையில் இல்லை. அதன் பின்னர் எழுந்த சச்சரவை நமது வாசகர் அறிவர்.

அந்தச் சச்சரவு லிந்துலை வரைக்கும் வந்தது. நம்மவருள் ஒரு கூட்டத்தார் அறிவின் பக்கம் நின்றனர். மற்றொரு கூட்டத்தார் இசையமைப்பாளரின் பக்கம் நின்றனர். மெட்டு யாருடையது, சொல் யாருடையது, குரல் யாருடையது என்று வழக்காடினர். கிரிக்கெட் ஆட்டத்தில் இரு கட்சி பிரிவதைப் போலப் பிரிந்தனரேயன்றி, இந்த வழக்கில் மூன்றாவது கட்சி ஒன்று உண்டு என்பதும், அந்தக் கட்சி தாமே என்பதும் அவர்களுள் ஒருவருக்கேனும் தோன்றவில்லை. இதுவே நம்மை எழுதத் தூண்டியது.

நாம் எப்படி இவ்வழக்கில் கட்சியானோம்? அறிவு அரக்கோணத்துக்காரர். ஆயினும் அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துப் பின்னர் தமிழகம் மீண்ட குடும்பம். இதனை அவரே பலமுறை கூறியுள்ளார். பாட்டின் காட்சிப் படத்திலும் அம்மூதாட்டி அமர்ந்திருக்கின்றார். நிலத்தைத் திருத்தியவனுக்கு நிலமில்லை, மரத்தை நட்டவளுக்கு நிழலில்லை என்பதே அந்தப் பாட்டின் உட்பொருள். இந்த உட்பொருள் எங்கே விளைந்தது என்று அறிய அரக்கோணம் வரை போக வேண்டியதில்லை. நமது பள்ளிக்கூடத்துச் சன்னலைத் திறந்தால் போதும்.

வரலாற்றைச் சுருங்கச் சொல்வோம். 1820களில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து மக்கள் கொண்டுவரப்பட்டனர். மன்னாரிலிருந்து கண்டிச் சீமைக்குக் காட்டு வழியே நடந்தனர். நடந்தவர்களுட் பலர் வந்து சேரவில்லை. கோப்பி நோயால் அழிந்தது, தேயிலை வந்தது. உழைத்தவர் மாறவில்லை. நாடு சுதந்திரம் பெற்ற அதே 1948இல் இயற்றப்பட்ட பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர் ஆக்கிற்று. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தமொன்றிற் கையொப்பமிட்டனர். 975,000 பேர் என்று கணக்கெடுத்து, 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்குவதென்றும், எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வதென்றும் முடிவு செய்தனர். அவ்வெஞ்சியோரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தனர். கொழுந்து நிறுக்கும் தராசிலே வைத்து மனிதரைப் பங்கிட்ட கணக்கு இது. ஒரே லயத்தில் அண்ணன் இந்தியன் ஆனான். தம்பி இலங்கையன் ஆனான். போனவர்களை அங்கே ‘சிலோன்காரர்’ என்றனர். இருந்தவர்களை இங்கே ‘கள்ளத்தோணி’ என்றனர்.

அந்தப் பிரிவின் பாட்டுத்தான் கடலைத் தாண்டிப் போய், இரண்டு தலைமுறை கழித்து, கணினியின் வழியே லிந்துலைக்குத் திரும்பி வந்தது. வந்த பாட்டை நமது பிள்ளைகள் வெளிநாட்டுச் சரக்கென்று எண்ணி ஆடினர்!

‘எஞ்சாமி’ என்னும் விளிப்பைக் கவனியுங்கள். ‘என் சாமி’ என்பதன் பேச்சு வடிவம் இது. தமிழ்நாட்டு வயல்களிலே பண்ணையாரை நோக்கிக் கைகட்டி நின்றவன் ‘சாமி’ என்றான். நமது லயங்களிலே பேரப்பிள்ளையை மடியிலிட்டுக் கொஞ்சும் அம்மாயியும் ‘என் சாமி’ என்கிறாள். அடிமைத்தனத்தின் சொல்லும் அன்பின் சொல்லும் ஒன்றாகவே இருக்கின்ற மொழி உழைப்பாளரின் மொழி. ஆங்கிலச் சொல் ஒன்றை அதன் தலையிற் சூட்டிவிட்டதனால் அதன் பிறப்பு மறைந்துவிடாது.

இனி எதிர்வாதத்துக்கு வருவோம். “நாட்டார் பாடலுக்கு ஆசிரியன் கிடையாது. அது பொதுச் சொத்து. யாரும் பாடலாம், யாரும் பதிவு செய்யலாம். இதில் உரிமை கேட்பது முதலாளித்துவச் சிந்தனை அல்லவா?” என்று முற்போக்கு வேடத்திலேயே சிலர் வினவுகின்றனர். வினா கூர்மையாக இருப்பதுபோலத் தோன்றும். ஒப்பாரி பாடும் இடத்தில் ஒருநாள் போய் நின்றவர்க்கு அதன் கூர்மை மழுங்கிவிடும்.

தோட்டத்தில் சாவு விழுந்தால் பெண்கள் வட்டமாக அமர்ந்து ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொள்கின்றனர். ஒருத்தி எடுத்துக்கொடுக்கின்றாள். மற்றவர்கள் ஏற்கின்றனர். இறந்தவர் கணவனானால் ஒரு சொல், அண்ணனானால் ஒரு சொல், பிள்ளையானால் ஒரு சொல் என்று உறவுக்கேற்பப் பாட்டு மாறுகின்றது. கோப்பிக் காலத்தில் தோன்றிய அடியும், நேற்று மண்சரிவில் மாண்டவன் பெயரும் அருகருகே நிற்கின்றன. இவ்வகையில் ஒப்பாரிக்கு ஒற்றை ஆசிரியன் இல்லை என்பது உண்மையே. ஆனால் அது பெயரற்றதா? எந்தத் தோட்டத்திலும் கேட்டுப் பாருங்கள். “இது மேல் டிவிசன் அப்பாயி எடுத்துக்கொடுக்கிற பாட்டு”, “இது இந்தியாவுக்குப் போன ஆத்தா விட்டுப்போன பாட்டு” என்று துல்லியமாகச் சொல்வார்கள். பாட்டு கைமாறும்போது யாரிடமிருந்து வந்தது என்னும் நினைவும் சேர்ந்தே கைமாறுகின்றது. பொதுவுடைமை வேறு; அநாமதேயம் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் காட்டுவது, பொதுவில் கிடந்ததை எடுத்துத் தன் வேலிக்குள் போட்டுக்கொள்பவனுக்கு மிகவும் வசதியான தத்துவம்.

ஆகவே பல குழுக்கள் ஒரு பாட்டைப் பாடுவதில் நமக்கு மனவருத்தம் சிறிதுமில்லை. மாரியம்மாள் பாடட்டும், பாரிஸ் நகரத்துக்காரர் மறுஆக்கம் செய்யட்டும். பாட்டின் இயல்பே அது. நமது மலைநாட்டிலும் அவ்வழக்கம் உண்டு. 1930களில் கோதண்டராம நடேசையரும் அவர் துணைவியார் மீனாட்சியம்மையும் தோட்டந்தோட்டமாகச் சென்று தொழிற்சங்கத்தைக் கட்டினர். துரைமார் கூட்டம் போட அனுமதிக்காத காலம் அது. மீனாட்சியம்மை மக்கள் காதில் ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருந்த மெட்டுக்களில் புதிய சொற்களை ஏற்றிப் பாடினார். 1940இல் பாட்டுப் பிரசுரமும் வெளியிட்டார். மெட்டு எவருடையதோ, பொருள் தொழிலாளருடையது. அந்தப் பாட்டைப் பாடியவன் அதிலிருந்து காசு சம்பாதிக்கவில்லை. பலர் அடிவாங்கினர், வேலையிழந்தனர். சி. வி. வேலுப்பிள்ளையோ, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். தம்மைத் தெரிந்தனுப்பிய மக்களின் வாக்குரிமை பறிபோனதைக் கண்டவர். மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்த அவர், அம்மக்களின் வாய்ப்பாடல்களைத் தேடித் திரட்டி ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என நூலாக்கினார். நூலுக்கு அவர் இட்ட பெயரைப் பாருங்கள். பாடல்கள் எவருடையவை என்பது அட்டையிலேயே இருக்கின்றது.

கைமாறுவதிற் குற்றமில்லை; கைமாறும் வழியிலே சந்தை குறுக்கிடும்போது என்ன நிகழ்கின்றது என்பதே கேள்வி. இதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. தென்னாபிரிக்காவிலே சொலமன் லிண்டா என்னும் சூலு இனத் தொழிலாளி இருந்தார். ஊரை விட்டு ஜொகனஸ்பேர்க் நகருக்குப் பிழைக்க வந்தவர். 1939இல் ‘ஈவினிங் பேர்ட்ஸ்’ என்னும் தமது பாடற்குழுவுடன் ‘இம்பூபே’ என்ற பாட்டை இசைத்தட்டிற் பதிவு செய்தார். இம்பூபே என்றால் சிங்கம். பாட்டின் உரிமைக்கு அவர் பெற்றது பத்து ஷில்லிங். இசைத்தட்டு அமெரிக்கா போயிற்று. 1950களின் தொடக்கத்தில் ‘வீவர்ஸ்’ குழுவினர், சூலு மொழியைச் சரிவரக் கேட்டுக்கொள்ளாமல், ‘விமோவே’ என்று அதனைப் பாடினர். 1961இல் ‘டோக்கன்ஸ்’ குழுவினர் ஆங்கிலச் சொற்களைச் சேர்த்துப் பாடி உலகப் புகழ் பெற்றனர். பின்னர் எத்தனையோ குழுக்கள். இறுதியில் 1994இல் டிஸ்னி கம்பனியின் சிங்கப் படமும் வந்தது. இவ்வளவுக்கும் மூலவரான லிண்டா, 1962இல் ஏறத்தாழ வெறுங்கையுடன் மாண்டார். அவருடைய புதல்வியர் 2004இல் வழக்குத் தொடுத்த பின்னரே, 2006இல் இணக்கம் ஏற்பட்டு, அவர் பெயர் உரிய இடத்தில் ஏறிற்று.

இதில் நம் போன்றோர் கவனிக்க வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. வீவர்ஸ் குழு முதலாளிகளின் குழு அன்று. பீட் சீகர் முதலானோர் இடதுசாரிகள். அதன் பொருட்டே மெக்கார்த்தி காலத்தில் வேட்டையாடப்பட்டவர்கள். அத்தகையோரின் இசைத்தட்டிலேயே இயற்றியவர் ‘போல் கம்பல்’ என்று அச்சிடப்பட்டது. போல் கம்பல் என்றொரு மனிதன் உலகில் இல்லை! உரிமைத்தொகை பெறுவதற்காகப் புனைந்த பெயர் அது. உயிரோடிருந்த கறுப்புத் தொழிலாளியின் பெயருக்கு இடமில்லாத அச்சுத்தாளிலே, இல்லாத வெள்ளை மனிதனுக்கு இடமிருந்தது. நல்லெண்ணம் மாத்திரம் போதாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா? சந்தையின் கணக்குப் புத்தகம் நல்லவர் தீயவர் பார்த்துத் தன் வரிகளை மாற்றிக்கொள்வதில்லை.

கறுப்பு மக்களின் ‘சோல்’ இசை முழுவதற்குமே இவ்வரலாறு பொருந்தும். பருத்தித் தோட்டங்களின் வேலைப் பாட்டிலும் தேவாலயங்களின் கூட்டுப் பாட்டிலும் வேர்கொண்டு, நகரங்களில் இசைத்தட்டாகி, குழுவுக்குக் குழு கைமாறி உலகை வென்றது அவ்விசை. பருத்தி போன வழியிலே பாட்டும் போயிற்று. நமக்கோ தேயிலை போன வழி இருக்கின்றது.

அந்த வழியை நமது மாணவர்க்குச் சற்று விளக்குவோம். கங்காணி முறையிலே ‘தலைக்காசு’ என்றொரு வழக்கம் இருந்தது. தன் ஆட்கள் எத்தனை பேர் பிரட்டுக்களத்தில் நின்று அன்றைய வேலைக்குப் போனார்களோ, அத்தனை தலைக்கும் பெரிய கங்காணிக்கு ஒரு தொகை. கூடையைச் சுமந்தவள் ஒருத்தி. அவள் தலைக்குக் காசு பெற்றவன் இன்னொருவன். இனித் தேயிலையின் கதி என்ன? 1883இல் ஆரம்பித்த கொழும்பு ஏலத்திலே அது பெட்டி பெட்டியாக விற்கப்படுகின்றது; பல மலைகளின் தூள் ஒன்றாகக் கலக்கப்படுகின்றது; பின்னர் ஒரு பெயர் ஒட்டப்படுகின்றது. 1890இல் இங்கே வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு என்று விளம்பரம் செய்தான். ‘நேரே’ என்னும் அந்தச் சொல்லுக்குள்ளே எத்தனை இலட்சம் விரல்கள் மறைந்து போயின! இசைச் சந்தையும் இந்தப் பள்ளியிற் பாடங் கற்றதே. ஒப்பாரி, தாலாட்டு, தப்பு, உருமி யாவும் கலக்கப்படுகின்றன. கேட்கும் ஒவ்வொரு செவிக்கும் தலைக்காசு எங்கோ எழுதப்படுகின்றது.

எஞ்சாமியின் கதை இதற்கு விலக்கா? 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன்’ சஞ்சிகையின் இந்தியப் பதிப்பு இப்பாட்டின் வெற்றியைப் போற்றியபோது அட்டையில் தீயும் கனடாத் தமிழ்க் கலைஞர் ஷான் வின்சென்ட் டி போலும் இருந்தனர், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் உள்ளிட்டோர் கண்டித்த பின்னரே அறிவின் படமும் அவ்விதழின் மின்பதிப்பில் வந்தது. 2022இல் சதுரங்க மேடைக்குப் பிறகு, பாட்டின் சொல்லும் மெட்டும் தமது உழைப்பே என்று அறிவு அறிக்கை விட்டார். இசையாக்கம் கூட்டு முயற்சி, சொற்கள் அறிவினுடையவை, வருவாய் மூவருக்கும் சமபங்கு என்று சந்தோஷ் நாராயணன் மறுமொழி தந்தார். தாமும் எங்கும் அறிவின் பங்கை மறைத்ததில்லை என்றார் தீ. 2024 மார்ச்சிலோ, பாட்டு வெளிவந்து மூன்றாண்டு நிறைந்த வேளையில், அதன்மூலம் இதுவரை ஒரு காசும் தமக்கு வந்து சேரவில்லை என்று இசையமைப்பாளரே பகிரங்கமாக அறிவித்தார்.

மெட்டமைத்தவர் எவர் என்று தீர்ப்பளிக்க நாம் நீதிமன்றம் அல்லோம். ஆயினும் ஒன்றைத் தயங்காது கூறுவோம். அட்டையிலே விடுபட்டவரும் மேடையிலே விடுபட்டவரும் ஒருவரே என்பது தற்செயல் என்று நாம் நம்பவில்லை. விடுபட்டவர் தலித் இளைஞர். ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவிலே சாதியின் பெயரைச் சொல்லிச் சாதியை எதிர்த்துப் பாடியவர். இந்த நாட்டிலும் அந்த நாட்டிலும் முதலில் விடுபடுகின்ற பெயர் எத்தகையோருடையது என்பதை நாம் அறியாதவர்களா? அறிவின் கோபம் நியாயமானது.

அது நியாயமானது என்பதனாலேயே அவரோடு நின்றுவிடவும் இயலாது. மூவருக்குச் சமபங்கு என்றபோது நான்காவது பங்கு ஒன்று உண்டா என்று கேட்டவர் யார்? வள்ளியம்மாள் சொன்ன கதை அவள் ஒருத்தியின் கதையா? அவளோடு கொழுந்தெடுத்துக் கப்பலேறாமல் இங்கேயே இருந்துவிட்டவளின் பேத்தி இன்றும் கூடை கட்டுகின்றாள். பாட்டு வெளிவந்த அதே 2021 மார்ச் மாதத்திலே, நெடுங்காலப் போராட்டத்தின் பின், தோட்டத் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு 1,000 ரூபா சம்பளம் என்னும் வர்த்தமானி அறிவித்தல் வந்தது. கம்பனிகள் அதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றன. 1,000 ரூபா வேண்டுமானால் இத்தனை கிலோ கொழுந்து வேண்டும் என்று நிறையைக் கூட்டின. அந்த வாரங்களில் அக்கரப்பத்தனையிலும் தலவாக்கலையிலும் லிந்துலையிலும் முச்சக்கரவண்டிகள் தோறும் ஒலித்துக்கொண்டிருந்த பாட்டு எஞ்சாமிதான். பாட்டும் சம்பளமும் ஒரே செய்தியைச் சொல்கின்றன என்று நாம் வகுப்பறையில் ஒரு நாளேனும் எடுத்துரைத்திருந்தால்!

பாட்டுக்கு மூலம் கேட்பது பழந்தமிழ் மரபுக்கு ஒவ்வாது என்று பண்டிதர் சிலர் குறுக்கிடுவர். இளங்கோ மக்கள் பாடல்களை எடுத்தாளவில்லையா, மணிவாசகர் எடுத்தாளவில்லையா, பாரதி எடுத்தாளவில்லையா, அவர்கள் யாருக்கு உரிமைத்தொகை கொடுத்தார்கள் என்பர். நல்ல கேள்வி, பல்கலைக்கழகத்தில் நாமும் கேட்டதுதான். சிலப்பதிகாரத்தைத் திறந்து பார்ப்போம். பெண்கள் உலக்கை குற்றும்போது பாடியதை இளங்கோ எடுத்தார். அதற்கு ‘வள்ளைப் பாட்டு’ என்றே பெயர் வைத்தார். ஏரைப் பூட்டியோர் பாடியது ‘ஏர்மங்கலம்’. களத்தில் நெல்லடித்தோர் பாடியது ‘முகவைப் பாட்டு’. ஊஞ்சலில் பாடியது ‘ஊசல்வரி’. மணிவாசகரோ பொற்சுண்ணம் இடித்த பெண்களின் பாட்டைச் ‘சுண்ணம்’ என்றார். அம்மானை ஆடியவர்களின் பாட்டை ‘அம்மானை’ என்றார். எந்த உழைப்பிலிருந்து, எந்த விளையாட்டிலிருந்து பாட்டை எடுத்தனரோ, அதன் பெயரைத் தலைப்பிலேயே நிலைநிறுத்தினர். ஆயிரம் ஆண்டு கழித்து நாம் படிக்கும்போதும் உலக்கைச் சத்தம் கேட்கின்றது. தொல்காப்பியர் ‘பண்ணத்தி’ என்று இத்தகைய பாட்டுக்கு இலக்கணத்தில் இடமே ஒதுக்கினார். இளங்கோ செய்த இந்தக் குறைந்தபட்சத்தை இருபத்தோராம் நூற்றாண்டின் இசைக் கம்பனியிடம் எதிர்பார்ப்பது அதிகப்படியா?

இனி நமது வீட்டுக்கு வருவோம். கம்பனியை ஏசுவது எளிது. அதனினும் கசப்பானது இது. லிந்துலைப் பகுதிப் பாடசாலையொன்றின் கலைவிழாவிலே நாம் பார்வையாளராக இருந்தோம். மாணவர் நடனமாட ‘என்ஜாய் எஞ்சாமி’ இருமுறை ஒலித்தது. பிரமுகர்கள் தாளம் போட்டனர். அதே விழாவுக்கு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் அம்மாயியிடம் கேட்டுப் பழகிய பாட்டைப் பாட விரும்பியிருந்தாள். கப்பலேறிப் போன அக்காளை நினைத்து இருந்தவள் பாடிய பாட்டு. ஒத்திகையிலேயே அது நிறுத்தப்பட்டது. “மங்கலமான விழாவிலே ஒப்பாரியா?” என்றனர். சந்தை வழியாகச் சென்னையையும் பாரிசையும் சுற்றிவந்த ஒப்பாரி மங்கலமாகிவிட்டது. பக்கத்து லயத்திலிருந்து நடந்து வந்த ஒப்பாரி அமங்கலம்! அப்பெண் பின்வரிசையில் நின்று நடனத்துக்குக் கைதட்டியதை நாம் கண்டோம்.

இது ஒரு பாடசாலையின் குற்றமன்று. நமது படித்த வர்க்கத்தின் நோய். தப்பு என்றால் நமக்குக் கூச்சம். அது சாவுக்கு அடிப்பது, அதை அடிப்பவர் இன்ன சாதி என்ற நினைவு. காமன் கூத்தும் பொன்னர் சங்கர் கூத்தும் மலைநாட்டின் பெருமை என்று மேடையிலே முழங்குவோம்; தப்படிக்கிறவரின் மகனை வகுப்பிலே பின்வாங்கில் இருத்துவோம். லயத்திலிருந்து படித்து மேலேறிய நாம், ஏறிவந்த படியை மறைக்கவே பரதநாட்டியமும் கர்நாடக இசையும் தேடினோம். அவை தாழ்ந்த கலைகள் என்று நாம் சொல்லவில்லை. நம் அம்மாயியின் பாட்டுக்குமேல் போர்வையாக அவற்றைப் பயன்படுத்தினோம் என்பதே குற்றச்சாட்டு. இப்போது வெளியுலகம் கைதட்டியதும் போர்வையை விலக்கிப் பார்க்கின்றோம். அதற்குள்ளே பாட்டுக்கு வேறொருவர் உறுதி எழுதிவிட்டார்.

உறுதி என்ற சொல்லை வேண்டுமென்றே கையாளுகின்றோம். 2023இல் மலையகம் இருநூறு ஆண்டு நிறைவையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர். முன்னோர் நடந்த பாதையிலேயே நடந்து அவர்கள் கேட்ட முதன்மையான உரிமைகளுள் ஒன்று காணி. இருநூறு ஆண்டாக மண்ணைத் திருத்திய குடும்பங்களுட் பெரும்பாலானவற்றின் கையில் இன்னும் காணி உறுதி இல்லை. ஏழு பேர்ச்சஸ் என்றும் பத்துப் பேர்ச்சஸ் என்றும் தேர்தல்தோறும் அளந்து காட்டுகின்றனர். மண்ணுக்கு உறுதி இல்லாதவனின் பாட்டுக்கும் உறுதி இல்லாமற் போவதில் வியப்பென்ன? இரண்டும் ஒரே கொள்ளையின் இரு கிளைகள். எனவே பாட்டைப் பற்றிப் பேசுவது சம்பளத்தையும் காணியையும் மறக்கடிக்கும் சில்லறை விவகாரம் என்று நமது தோழர்களிலே சிலர் கருதினால், அவர்களுடன் நாம் உடன்படோம். தன் பாட்டு தன்னுடையது என்று சொல்லத் தெரியாத பிள்ளை, தன் காணி தன்னுடையது என்று எந்தக் கந்தோரிலே போய்ச் சொல்லும்?

செய்ய வேண்டியது பெரிய திட்டமன்று. இன்று எல்லார் கையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கின்றது. உயர்தர வகுப்பிலே தமிழ் படிக்கும் மாணவர் ஒவ்வொருவரும் தம் தோட்டத்து முதியவர் ஒருவரின் பாட்டுக்களைப் பதிவு செய்யட்டும். கொப்பியிலே பாடியவர் பெயர், தோட்டம், டிவிசன், பாட்டு யாரிடமிருந்து வந்தது, எந்த வேலையின்போது அல்லது எந்தத் துக்கத்தின்போது பாடுவது என்று எழுதட்டும். ‘ஒரு தோட்டப் பெண்’ என்று எழுதுதல் வேண்டா. அவளுக்குப் பெயர் உண்டு. பாடசாலை நூலகத்தில் ஒரு பிரதியும் பாடியவர் வீட்டில் ஒரு பிரதியும் இருக்கட்டும். அவர் சம்மதமின்றி அதனை எவரும் இணையத்தில் ஏற்றலாகாது. நாளை பட்டணத்திலிருந்து இசைக்குழு ஒன்று கேட்டு வந்தால் கொடுப்போம், பாடுவதற்குத்தானே பாட்டு. ஆனால் அட்டையிலே எந்தத் தோட்டம், எவர் பெயர் என்று எழுதி, வரும்படியிலே பங்கு என்ன என்றும் எழுதித் தந்தபின் கொடுப்போம். லிண்டாவுக்குக் கிடைத்த பத்து ஷில்லிங்கை நினைவில் வைத்துக்கொண்டு பேரம் பேசுவோம்.

பாடியவர் கையெழுத்திட அறியாதவராயிருந்தால் பெருவிரலில் மை தடவுதல் வேண்டா. அந்த அடையாளத்தை வாங்கித்தான் நம் பாட்டன்மாரைப் பல தாள்களிலே கட்டிப்போட்டனர். ஒலிப்பதிவு தொடங்கும்போது, தம் பெயரையும் பாட்டைச் சொல்லித் தந்தவள் பெயரையும் அவர் தம் வாயாலேயே சொல்லட்டும். அதன்பின் பாடட்டும்.